போஸ்ட்ஃபிக்ஸ்: பயனர் லாகின் ஆகிறது, ரிலே சர்வர் மட்டும் 530 சொல்லித் திருப்புகிறது

கேள்வி:
வணக்கம். போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் அனுப்பும் சர்வர்), டவ்காட் (மெயில்பாக்ஸ் சர்வர்) இரண்டும் ஒரே மெஷினில் ஓடுகின்றன. தண்டர்பேர்ட் மெயில் ஆப்பிலிருந்து 587 போர்ட்டில் லாகின் செய்தால் மெயிலை வாங்கிக்கொள்கிறது. அங்கிருந்து ரிலே சர்வர் (நம் மெயிலை வாங்கி வெளியே அனுப்பும் வேறொரு சர்வர்) வழியாகத்தான் வெளியே போக வேண்டும், அதில்தான் சிக்கல். லாகில் "530 5.7.0", அதாவது முதலில் ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைப்பை டிஎல்எஸ் குறியாக்கத்துக்கு மாற்றும் கட்டளை) கொடு என்கிறது. ரிலேஹோஸ்ட் (ரிலே சர்வரின் முகவரி) கொடுத்தாயிற்று, சாசல் (லாகின் சோதனை முறை) ஆத் எனேபிளும் 'யெஸ்'தான். எங்கே பார்ப்பது?

பதில் 1:
போஸ்ட்ஃபிக்ஸின் செட்டிங் ஃபைலான மெயின்.சிஎஃப்-இல் அந்த சாசல் வரி எப்படித் தொடங்குகிறது? 'எஸ்எம்டிபிடி' என்றிருந்தால் அது உங்களிடம் வருகிறவர்களைச் சோதிப்பதற்கு. நீங்கள் இன்னொரு சர்வரிடம் போய் அடையாளம் காட்ட, கடைசி 'டி' இல்லாத 'எஸ்எம்டிபி' வரி தனியாக வேண்டும். ஒன்றைப் போட்டால் மற்றது தானாக வராது.

டிஎல்எஸ்-க்கும் அதே கதைதான். கிளையன்ட் பக்க செக்யூரிட்டி லெவலை 'என்க்ரிப்ட்' ஆக்குங்கள். பல ரிலே சர்வர்கள் டிஎல்எஸ் தொடங்கும் வரை இஎச்எல்ஓ (இணைப்பின் தொடக்க அறிமுகக் கட்டளை) பதிலில் லாகின் வசதியைச் சொல்லும் ஆத் வரியையே காட்டாது. அதைப் பார்க்காத போஸ்ட்ஃபிக்ஸ் பாஸ்வேர்ட் கொடுக்காமலே அனுப்பப் பார்க்கும், 530 வாங்கும். பாஸ்வேர்ட் தப்பு என்றால் பெரும்பாலும் 535 வரும்.

கேட்டவர்:
'டி' உள்ளது மட்டும்தான் இருந்தது. இரண்டும் சேர்த்ததும் 530 போய்விட்டது. இப்போது "நோ மெக்கானிசம் அவெய்லபிள்" (லாகின் முறை எதுவும் இல்லை) என்கிறது!

பதில் 1:
பரவாயில்லை, முன்னேற்றம்தான் :) கிளையன்ட் பக்க சாசல் செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ், நீங்கள் எதுவும் எழுதாவிட்டால், 'நோபிளெயின்டெக்ஸ்ட், நோஅனானிமஸ்'; அதாவது பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும் முறையும் வேண்டாம், பெயரில்லா லாகினும் வேண்டாம். ரிலே சர்வர் 'பிளெயின்', 'லாகின்' என்ற அப்படியே அனுப்பும் முறைகள் இரண்டை மட்டும் நீட்டினால் போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டையும் ஒதுக்கிவிடும். 'நோஅனானிமஸ்' மட்டும் வையுங்கள். டெபியன், உபுண்டு என்றால் லாகின் முறைகளைத் தரும் லிப்சாசல்2-மாட்யூல்ஸ் பேக்கேஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டாலும் இதே எரர் வரும். டிஎல்எஸ் கட்டாயம் என்பதால் பாஸ்வேர்ட் பற்றிப் பயமில்லை.

பதில் 2:
பயமில்லை என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. 'என்க்ரிப்ட்' லெவல் வழியில் ஒட்டுக்கேட்பதைத்தான் தடுக்கும். எதிரே இருப்பது உண்மையான ரிலே சர்வர்தானா என்று சான்றிதழைச் சோதிக்காது. நடுவில் ஒருவன் போலிச் சான்றிதழோடு நின்றால் பாஸ்வேர்டை அவனிடமே கொடுத்துவிடும். பிளெயின் முறையில் பாஸ்வேர்ட் போவது பேஸ்64 (ரகசியமில்லாத எழுத்து மாற்றம்) வடிவில்தான், அதைப் பிரித்துப் படிக்க ஒரு நொடி போதும். லெவலை சான்றிதழையும் சோதிக்கும் 'செக்யூர்' ஆக்கி, சிஏ ஃபைலுக்கு (நம்பத்தக்க சான்றிதழ் வழங்குநர்களின் பட்டியல்) சிஸ்டத்தின் சான்றிதழ்த் தொகுப்பைக் காட்டுங்கள்.

இன்னொன்று: ரிலே சர்வரும் அதற்கான லாகினும் எழுதியுள்ள பாஸ்வேர்ட் ஃபைலின் இடப்பக்கம் ரிலேஹோஸ்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அங்கே சதுர அடைப்பும் :587-உம் இருந்தால் இங்கேயும் வேண்டும். பொருந்தாவிட்டால் எந்த எச்சரிக்கையும் தராமல் ஆத் இல்லாமலே போய் நிற்கும். திருத்தியதும் போஸ்ட்மேப் (ஃபைலை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் கட்டளை) ஓட்டுங்கள்; ஃபைல் பர்மிஷன் 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத).

கேட்டவர்:
மாட்யூல்ஸ் பேக்கேஜ் இல்லை. போட்டு, ஆப்ஷனையும் மாற்றியதும் 250 ஓகே, ரிலே சர்வர் மெயிலை ஏற்றுக்கொண்டது. 'செக்யூர்' லெவலிலும் போகிறது. க்யூவில் கிடந்ததை ஃப்ளஷ் செய்துவிட்டேன். இருவருக்கும் நன்றி.