பதினெட்டு எபிசோடுகளோடு நின்றது ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடருக்கு நஷ்டமா, அதிர்ஷ்டமா?

கடைசிப்பெஞ்ச்:

கல்லடி விழும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் என்பிசி சேனலில் 1999 செப்டம்பரில் தொடங்கி, ஒரே சீசனில் நிறுத்தப்பட்ட ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடரைச் சென்ற வாரம் முழுவதுமாகப் பார்த்து முடித்தேன். பார்க்காதவர்களுக்காக ஒரு வரி. 1980-81 கல்வியாண்டு, மிஷிகன் மாநிலத்தில் சிப்பெவா என்ற கற்பனை ஊர், அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளி. கணக்குப் போட்டிகளில் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தந்த லிண்ட்ஸே வீர், பாட்டி இறந்த பிறகு அப்பாவின் பழைய ராணுவ ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வகுப்புக்கு மட்டம் போடும் கூட்டத்தோடு சேர்கிறாள். அவளுடைய தம்பி சாமும் அவன் நண்பர்கள் நீல், பில் இருவரும் அடிபடாமல் தாழ்வாரத்தைக் கடப்பதையே அன்றைய சாதனையாக நினைக்கும் பிள்ளைகள்.

நல்ல தொடர்தான், மறுக்கவில்லை. ஆனால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கரையான் அரித்ததுபோக மிஞ்சிய ஓலைச்சுவடி கிடைத்ததைப்போல் உருகுகிறார்கள். அற்பாயுளில் போனதால் வந்த புகழ் இது. நான்கு வருடம் ஓடியிருந்தால் லிண்ட்ஸேவும் அந்தக் கூட்டத்து நிக்கும் மூன்று முறை பிரிந்து நான்கு முறை சேர்ந்திருப்பார்கள். பில்லுக்குக் கண்ணாடி கழன்று அழகனாகியிருப்பான். நாமும் மறந்திருப்போம். நிறுத்திய அதிகாரிக்கு ரசிகர்கள் மாலை போட வேண்டும்.

வெயில்நதி:

நான்கு வருடம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு யார் ஜாதகம் கணித்துக் கொடுத்தார்கள்? நடக்காத சீசன்களை நீங்களே மோசமாக எழுதி, நீங்களே பார்த்து, நீங்களே சலித்துக்கொள்கிறீர்கள். இருக்கிற பதினெட்டில் எது அளவுக்கு மீறிப் புகழப்படுகிறது? அதைச் சொல்லுங்கள், பேசலாம்.

கணக்கன்:

சேனலைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். முதலில் கொடுத்த நேரம் சனிக்கிழமை இரவு எட்டு மணி. பதின்வயதினர் வீட்டில் இருக்காத நேரம். யாரும் கூப்பிடாமல் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளைப் பற்றிய தொடரை அந்த நேரத்தில் போட்டதில் ஒரு பொருத்தம் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்! நடுவில் பேஸ்பால் போட்டிகளுக்காக இடைவெளி. புத்தாண்டில் திங்கட்கிழமைக்கு மாற்றினார்கள். அங்கே எதிரே நின்றது ஏபிசியின் கோடீஸ்வரர் கேள்வி-பதில் நிகழ்ச்சி. அந்த ஆண்டு அமெரிக்காவே அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தது.

சராசரியாக ஏறக்குறைய 67 லட்சம் பேர் பார்த்தார்கள். இன்றைக்கு அந்த எண்ணிக்கை கிடைத்தால் சேனல்காரர்கள் மொட்டை போட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு அது தோல்வி. பன்னிரண்டு எபிசோடுகள் ஒளிபரப்பான நிலையில் 2000 மார்ச்சில் நிறுத்தினார்கள். ஜூலையில் மூன்று வந்தன. மிச்சம் மூன்றும் ஃபாக்ஸ் ஃபேமிலி என்ற வேறு சேனலில் அதே ஆண்டு வெளிவந்தன. இதில் கலையும் இல்லை, சதியும் இல்லை. விளம்பரக்காரரின் பணம், அவ்வளவுதான்.

வெயில்நதி:

கணக்கன் அவர்களே, ஃபாக்ஸ் ஃபேமிலியில் வந்ததாக நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்று, அந்த மட்டம் போடும் கூட்டத்துக் கிம் கெல்லியின் வீட்டுக்கு லிண்ட்ஸே சாப்பிடப் போகும் எபிசோடு. தொடரின் தொடக்கத்திலேயே வர வேண்டியது. கட்டி முடிக்காத வீடு, சாப்பாட்டு மேசையிலேயே வெடிக்கும் சண்டை, மகளை நம்பாத தாய். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அடுத்த எபிசோடுகளில் கிம்மும் லிண்ட்ஸேவும் ஏன் திடீரென்று தோழிகளாக இருக்கிறார்கள் என்பது புரியும். கடுமையாக இருக்கிறது என்று என்பிசி அதைக் கடைசிவரை போடவே இல்லை. வாசற்படியை இடித்துவிட்டு, வீட்டுக்குள் யாரும் வரவில்லை என்று புலம்பினால் எப்படி?

கணக்கன்:

இந்த ஒன்றில் நீங்கள் சொல்வது சரி.

பழைய வாத்தியார்:

முப்பத்தொரு வருடம் பள்ளியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

பள்ளியைக் காட்டுகிற கதைகளில் ஆசிரியர் ஒன்று தெய்வமாக இருப்பார், இல்லை கோமாளியாக இருப்பார். இந்தத் தொடரில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ராஸோ என்ற ஆள், நீண்ட முடியும் கிதாருமாகப் பிள்ளைகளோடு பிள்ளையாக இருக்கப் படாதபாடு படுகிறார். பிள்ளைகளுக்கு அவரைப் பார்த்தால் சிரிப்பு. ஆனால் அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. இந்தச் சங்கடத்தை நான் அனுபவித்திருக்கிறேன், கிதார் மட்டும் இல்லை.

கடைசிப்பெஞ்ச் தம்பிக்கு ஒரு கேள்வி. ‘தி டைரி’ எபிசோடில் வரும் பேஸ்பால் ஆட்டம் நினைவிருக்கிறதா? பி.டி. வகுப்பில் அணி பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுகிறவர்கள் எப்போதும் பில்லும் அவன் கூட்டாளிகளும்தான். ஒருநாள் பில் யார் என்று சொல்லாமல் பயிற்சியாளருக்குத் தொலைபேசியில் திட்டிவிட்டு, தன் போன்றவர்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை என்று பொருமுகிறான். வாய்ப்புக் கிடைக்கிறது. உயரமாக வந்த பந்தைப் பிடித்தும் விடுகிறான். பிறகு நடப்பதுதான் வேடிக்கை. கேட்ச் பிடித்ததோடு ஆட்டம் முடிந்ததுபோல் மொத்தக் கூட்டமும் துள்ளிக் குதிக்கிறது. பேஸ்பாலில் கேட்ச் பிடித்த பிறகும் எதிரணி ஓடலாம். அவர்கள் பாட்டுக்கு ஓடி ஓட்டங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பில்லுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

பாத்திரங்களுக்கு இன்னும் கொஞ்சம் வெற்றி கொடுங்கள் என்று சேனல் கேட்டுக்கொண்டே இருந்ததாக இதை உருவாக்கியவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த வெற்றி இப்படி இருந்தது. பிழைக்கத் தெரியாதவர்கள்!

கடைசிப்பெஞ்ச்:

ஐயா, அந்தக் காட்சி அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வாதமே அங்கேதான் இருக்கிறது. இந்த வித்தையை எத்தனை முறை செய்யலாம்? சாம் ஏங்கி ஏங்கி நின்ற சிண்டி கடைசியில் அவனுக்கே கிடைக்கிறாள். பழகிப் பார்த்தால் அவளோடு பேச ஒன்றுமில்லை, அவனுக்குச் சிரிப்பு வரும் படத்துக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விலகிவிடுகிறான். இதுவும் அதே கைதான்: விரும்பியதைக் கொடு, கொடுத்த கையோடு அதன் சாயத்தை வெளுக்க வை. பதினெட்டு முறை ரசிக்கலாம். எண்பது முறை செய்தால் அதுவும் ஒரு சூத்திரம்.

இன்னொன்று. மற்ற இளைஞர் தொடர்களில் வயது வந்த அழகர்கள் பள்ளிப் பையன்களாக வருகிறார்கள், இதில் நிஜப் பிள்ளைகள் என்று ஒரு பெருமை பேசுவார்கள். சாமாக நடித்த ஜான் ஃபிரான்சிஸ் டேலிக்குப் பதினான்கு வயது, சரி. லிண்ட்ஸேவாக வரும் லிண்டா கார்டெல்லினிக்கு அப்போது இருபத்து நான்கு!

வெயில்நதி:

இருபத்து நான்குதான். பதினாறு வயதுப் பெண்ணின் முகத்தை அவர் எப்படிக் கொண்டுவந்தார் என்று வியக்க வேண்டிய இடத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறீர்கள். நடிகர் தேர்வுக்காகத்தான் இந்தத் தொடருக்கு எம்மி விருதே கிடைத்தது. சேத் ரோகன், ஜேசன் சீகல், மார்ட்டின் ஸ்டார் எல்லோரும் அன்றைக்கு முகம் தெரியாத பையன்கள். ரோகனை வான்கூவரில் பொதுத் தேர்வு வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

பில் வீட்டுக்கு வரும் காட்சியைப் பற்றி இங்கே யாரும் வாய் திறக்காதது ஏன்? பள்ளி விட்டு வருகிறான். அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள், வீட்டில் யாரும் இல்லை. ரொட்டிக்கு நடுவில் சீஸ் வைத்துத் தானே சுட்டுக்கொள்கிறான். ஒரு துண்டு கேக், ஒரு தம்ளர் பால். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து ஒரு நகைச்சுவைக் கலைஞர் பேசுவதைப் பார்த்துச் சிரிக்கிறான். வாய் நிறைய ரொட்டியோடு, உடம்பு குலுங்கச் சிரிக்கிறான். வசனமே கிடையாது, பின்னால் ஒரு பாட்டு மட்டும் ஓடுகிறது. அவ்வளவுதான் காட்சி.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அவனை அழ வைத்திருப்பார்கள். தனிமையில் இருக்கும் பையன் என்றால் ஜன்னல் வழியே மழையைப் பார்க்க வேண்டும் அல்லவா? இவன் அன்றைய நாளில் முதல் முறையாக நிம்மதியாக இருக்கிறான். சூத்திரம் என்று சொன்னீர்களே, இது எந்தச் சூத்திரம்?

ரிமோட்டைத்தேடி:

பின்னால் ஓடுகிற அந்தப் பாட்டுதான் இந்தத் தொடரைப் பல வருடம் பெட்டிக்குள் பூட்டி வைத்தது. ஒவ்வொரு எபிசோடிலும் அந்தக் காலத்து ராக் பாடல்கள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் உரிமை வாங்கக் காசு வேண்டும். மலிவாக வேறு இசை போட்டு விற்க, தொடரை உருவாக்கியவர்கள் சம்மதிக்கவில்லை. ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2004-ல்தான் மூலப் பாடல்களோடு டிவிடி வந்தது. நான் பார்த்தது யாரோ யாருக்கோ கொடுத்து என்னிடம் வந்து சேர்ந்த தட்டு. நான்காவது தட்டில் கீறல். ஒரு எபிசோடு பாதியில் உறைந்துவிடும். தொடர் நிறுத்தப்பட்டது போதாதென்று எனக்குத் தனியாக இன்னொரு முறை நிறுத்தப்பட்டது.

நடுராத்திரி:

இரு தரப்புக்கும் ஒரு சங்கடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். கதை நடப்பது டெட்ராய்ட் புறநகர் ஒன்றில். இதை உருவாக்கிய பால் ஃபீக் வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான். முக்கியப் பாத்திரங்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. ‘ஒதுக்கப்பட்டவர்களின் கதை’ என்று ஆளாளுக்கு எழுதும்போது, யார் கண்ணுக்கு ஒதுக்கப்பட்டவர்கள் என்றும் கேட்க வேண்டும்.

பழைய வாத்தியார்:

நியாயமான கேள்வி. அந்த நாட்டுப் புறநகர்களே அப்படிப் பிரிந்து கிடந்தன என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அதைத் தொடரே சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லக் கூடாது. பணத்தைப் பொறுத்தவரை அது கண்ணை மூடிக்கொள்ளவில்லை. லிண்ட்ஸேவுக்குக் கலகம் ஒரு ஜாக்கெட். கழற்றி மாட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போகலாம். அவள் சேர்ந்த கூட்டத்து டேனியலுக்கும் கிம்முக்கும் கழற்ற எதுவும் இல்லை. அது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கடைசிப்பெஞ்ச்:

சரி, என் கடைசி அஸ்திரம். நிறுத்தப்படும் என்ற பயத்தில் பால் ஃபீக் இறுதி எபிசோடைத் தானே இயக்கி, அறிவிப்பு வருவதற்கு முன்பே எடுத்து வைத்துவிட்டார். அதில் டேனியல் அந்தச் சோடாபுட்டிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பகடை உருட்டும் கற்பனை விளையாட்டில் கார்லோஸ் என்ற குள்ளனாக மாறுகிறான். லிண்ட்ஸே கோடைக்காலப் படிப்புக்கென்று வீட்டில் விடைபெற்றுக்கொண்டு, ஓர் இசைக்குழுவின் பின்னால் வேனில் ஏறிப் போய்விடுகிறாள். எவ்வளவு கச்சிதமான முடிவு! சேனல் கழுத்தில் கத்தி வைக்காமல் இருந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்குமா? இரண்டாவது சீசன் வந்திருந்தால் அவள் திரும்பி வந்து அப்பாவிடம் திட்டு வாங்கியிருப்பாள், அவ்வளவுதான்.

வெயில்நதி:

திட்டு வாங்குவதைப் பார்க்கத்தானே ஆசை! அவளுடைய அப்பா ஹெரால்ட் சாப்பாட்டு மேசையில் சொல்லும் கதைகளை மறந்துவிட்டீர்களா? ‘இப்படித்தான் ஒருவன் செய்தான், அவன் இப்போது என்ன செய்கிறான் தெரியுமா? செத்துப்போய்விட்டான்’ என்கிற தினுசில் எதற்கும் ஒரு சாவுக் கதை வைத்திருக்கும் மனிதர். மகள் பொய் சொல்லிவிட்டு வேனில் போனாள் என்று தெரிந்தால் அந்த மனிதர் எத்தனை பேரைக் கொல்வார்!

கச்சிதமான முடிவு என்கிறீர்கள். நீலை எதில் சேர்ப்பீர்கள்? அப்பாவின் காரில் தங்கள் வீட்டுடையதல்லாத ஒரு கராஜ் கதவு ரிமோட் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மூன்று பையன்களும் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் பார்த்து அழுத்துகிறார்கள். எதுவும் திறக்கவில்லை என்றால் அப்பா நல்லவர். ஓர் இரவு, ஒரு கதவு திறக்கிறது. உள்ளே அப்பாவின் கார்.

பிறகு வரும் எபிசோடில் நீலின் அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று தெரிகிறது. அத்தோடு சரி. அந்த அம்மாள் என்ன முடிவு எடுத்தாள்? நீல் அதே மேசையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிட்டான்? வெறும் பதினெட்டே போதும் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கணக்கன்:

பதில் இல்லை. என் அட்டவணையிலும் இல்லை.

கடைசிப்பெஞ்ச்:

சொல்லாமல் விட்டதுதான் அழகு என்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். தட்டச்சு செய்து, அழித்துவிட்டேன். அந்த எபிசோடைப் பார்த்த இரவு நானே இணையத்தில் ஒரு மணி நேரம் அந்த அம்மாளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.