ரிங்கா ரிங்கா ரோசஸ் பிளேக் பாட்டா? கதை சொல்கிறவர்களுக்கு

காசிமேட்டிலிருந்து:
நம்ம தெருவில் பிள்ளைகள் கைகோத்துச் சுற்றிப் பாடுவது "ரிங்கா ரிங்கா ரோசஸ்... ஹுஷா புஷா". இது லண்டன் பிளேக்கைப் பற்றிய பாட்டு என்று வாட்ஸப்பில் வந்ததை நம்பிச் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஆண்டைப் பாருங்கள். பிளேக் வந்தது 1665-இல். ஆங்கில ஓவியர் கேட் கிரீனவேயின் குழந்தைப் பாட்டுப் புத்தகத்தில் இது வந்தது 1881-இல். நடுவில் 216 வருடம். பிளேக் நாட்களை நாட்குறிப்பில் எழுதிவைத்த சாமுவேல் பீப்ஸும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அடுத்து, எந்த வரியை வைத்து அர்த்தம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தில் பாடுகிற "அட்டிஷூ" என்ற தும்மலைத்தான் நோய்க்கு அடையாளமாகக் காட்டுகிறார்கள். 1881 புத்தகத்தில் தும்மலே கிடையாது, "ஹஷ், ஹஷ், ஹஷ், ஹஷ்" என்றுதான் இருக்கிறது. நம்ம "ஹுஷா" அதற்குத்தான் கிட்ட! அமெரிக்காவில் அதே இடத்தில் "ஆஷஸ்". ஊருக்கு ஊர் மாறுகிற வரியை வைத்துச் சரித்திரம் எழுத முடியாது. தவிர, அந்த பிளேக்கின் அடையாளம் கடும் காய்ச்சலும், அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டுவதும்தான்.

பெரம்பூரிலிருந்து:
அதற்காக எல்லாக் கதையையும் தள்ளிவிட வேண்டாம். ஜெர்மனியின் ஹாமலின் ஊர்க் குழலூதியின் கதை தெரியும்தானே? குழல் ஊதி எலிகளை ஒழித்தவன், பேசிய கூலி கிடைக்காததால் ஊர்ப் பிள்ளைகளையும் குழல் ஊதியே கூட்டிப்போனான். அதில் தேதியே இருக்கிறது: 1284 ஜூன் 26, காணாமல் போன பிள்ளைகள் 130 பேர். எலிகள் 16-ஆம் நூற்றாண்டில்தான் கதைக்குள் வந்தன, பழைய குறிப்புகளில் அவை இல்லை. கிழக்கே புது ஊர்களில் குடியேற இளைஞர்களை ஆள் சேர்த்துக் கூட்டிப்போனதன் நினைவு இது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பிள்ளைகளுக்கு முதலில் எலி இல்லாமல் சொல்லுங்கள், எலியைப் பிறகு சேருங்கள். மதராஸ் துறைமுகத்திலிருந்து மலாயாவுக்கு ஆள் ஏற்றிய கங்காணியைச் சொன்னால் குழலூதி யாரென்று சட்டென்று பிடிபடும்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:
பரமார்த்த குரு கதையை விட்டுவிட்டீர்களே. எழுதியவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், 1747-இல் மறைந்தவர். பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் அதை 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். மடங்களைக் கிண்டல் செய்யத்தான் எழுதினார் என்ற பேச்சு பலமாக உண்டு. வெளிநாட்டுப் பாதிரிமாருக்குப் பேச்சுத்தமிழ் பழக்க எழுதியது என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

ஆற்றைக் கடந்தபின் எண்ணும் கட்டத்துக்குச் சரியாக ஆறு பிள்ளைகளை நிறுத்துங்கள்: குரு ஒருவர், சீடர் ஐவர். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு ஐந்து என்பான். விடையை நீங்கள் சொன்னால் கதை செத்துவிடும். பார்க்கிற பிள்ளைகளில் ஒன்று "டேய், உன்னை எண்ணலடா" என்று கத்தும்வரை பொறுங்கள்.

சீடர் பெயர்களையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். மிலேச்சன் என்பது அன்றைக்கு வெளிநாட்டாரைத் திட்டுகிற சொல். கடல் கடந்து வந்தவர் அதையே முட்டாள் சீடன் ஒருவனுக்குப் பெயராக வைத்திருக்கிறார்.