முதல் பதினைந்து நிமிஷத்திலேயே பாதி ஆள் காலி

சனி, இரவு 8:42

சித்தி: சின்னவன் ஒரு படம் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து உயிரை வாங்குகிறான். தி சூசைட் ஸ்குவாடாம். சுறாமீன் தலையோடு ஒருத்தன் கால்சட்டை போட்டுக்கொண்டு நடக்கிறானாம், கார்ட்டூன் மாதிரிதான் இருக்குமாம். பார்த்தவர்கள் சொல்லுங்கள். போட்டுக் கொடுக்கலாமா?

கார்த்தி: அம்மா, வேண்டவே வேண்டாம்

கார்த்தி: அந்தச் சுறா ஒரு சிப்பாயை உயிரோடு ரெண்டாகக் கிழிக்கும்

சித்தி: ஐயோ

முரளி மாமா: வில் ஸ்மித் வருவாரே, அந்தப் படமா? பாதியில் தூங்கிவிட்டேன். அதில் கிழிக்கிற மாதிரி எதுவும் இல்லையே.

நான்: அது 2016 மாமா, டேவிட் அயர் எடுத்தது. இது 2021, ஜேம்ஸ் கன். பெயருக்கு முன்னால் ஒரு 'தி' கூடுதல்.

முரளி மாமா: ஒரு 'தி' போட்டால் புதுப் படமா? நல்ல தொழில்.

செல்வி அக்கா: மார்கோ ராபி, வயோலா டேவிஸ் மாதிரி நாலு பேரைப் பழைய படத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மற்றபடி தனிக் கதை. சித்தி, பழையது பிஜி-13, அதாவது 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். அதை நினைத்துக்கொண்டு இதைப் போட்டுவிடாதீர்கள். இது அமெரிக்காவில் ஆர் சான்றிதழ். 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணை இல்லாமல் தியேட்டருக்குள் விட மாட்டார்கள். ரத்தம், கெட்ட வார்த்தை, போதை, கொஞ்சம் நிர்வாணமும் உண்டு.

சித்தி: இவனுக்குப் பதிமூன்றுதான் ஆகிறது. அப்படி என்னதான் கதை?

நான்: லூசியானாவில் பெல் ரீவ் என்று ஒரு சிறை. சூப்பர்ஹீரோக்களிடம் அடி வாங்கிய வில்லன்கள் எல்லாம் அங்கேதான். அமாண்டா வாலர் என்ற அதிகாரி அவர்களை அரசாங்கத்தின் ரகசிய வேலைகளுக்கு அனுப்புவார். உயிரோடு திரும்பினால் தண்டனையில் 10 வருஷம் குறையும். சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் தலைக்குள் வைத்த குண்டு வெடிக்கும்.

நான்: இந்தத் தடவை போகிற இடம் கோர்ட்டோ மால்ட்டீஸ், தென் அமெரிக்கா பக்கம் ஒரு கற்பனைத் தீவு. ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. அங்கே யோட்டன்ஹைம் என்ற கோபுரத்துக்குள் ஏதோ ஆராய்ச்சி நடக்கிறது. அதை இடித்துத் தள்ள வேண்டும்.

சித்தி: அரசாங்கமே கைதிகளை அனுப்புமா? செத்தால்?

கார்த்தி: செத்தால் கேட்க நாதி இல்லை. அதற்குத்தான் அவர்களை அனுப்புவதே. காமிக்ஸில் இந்தப் பெயர் 1959லேயே வந்துவிட்டது. ஆனால் கைதி, தண்டனைக் குறைப்பு, வாலர் எல்லாம் 1986-87இல் ஜான் ஆஸ்ட்ராண்டர் கொண்டுவந்தது. படம் நிற்பது அந்த அஸ்திவாரத்தில்தான்.

முரளி மாமா: நான் பார்க்கப் போவதில்லை. முழுக்கச் சொல்லு.

கார்த்தி: கடற்கரையில் இறங்குவார்கள் மாமா. ஏகப்பட்ட பேர், ஆளுக்கு ஒரு விசித்திர உடை. ஒருத்தனுடைய சக்தி என்ன தெரியுமா? ரெண்டு கையும் உடம்பிலிருந்து கழன்று போகும். கழன்ற கைகள் காற்றில் பறந்துபோய்ச் சிப்பாய்களைச் சப்பு சப்பென்று அறையும். அவ்வளவுதான் சக்தி.

முரளி மாமா: துப்பாக்கிக்கு முன்னால் அறையா

கார்த்தி: கைகள் அங்கே அறைந்துகொண்டிருக்கும், ஆள் இங்கே குண்டடி பட்டுக் கிடப்பான். வீசல் என்று மரநாய் மாதிரி ஒன்று வரும். தண்ணீரில் குதித்ததும் முழுகிவிடும். அதற்கு நீச்சல் தெரியுமா என்று கிளம்பும்போது ஒருத்தரும் கேட்கவில்லை!

செல்வி அக்கா: இந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறையில் வாலரின் ஊழியர்கள், யார் முதலில் சாவார்கள் என்று பந்தயம் கட்டி வைத்திருப்பார்கள். எனக்கு அங்கேதான் முகம் சுளித்தது.

நான்: முதல் பதினைந்து நிமிஷத்தில் அந்தக் கூட்டமே கிட்டத்தட்டக் காலி. தீவின் இன்னொரு கரையில் ரெண்டாவது அணி ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கும். முதல் அணியே திசைதிருப்பத்தான். அவர்களுக்கே அது தெரியாது.

முரளி மாமா: அட

முரளி மாமா: சரி, ஒரு கால் மணி நேரம் மட்டும் பார்க்கிறேன்.

செல்வி அக்கா: மாமா விழுந்துவிட்டார்.

சித்தி: ஒன்று கேட்கட்டுமா? இத்தனை பேர் சாகிறதைச் சிரித்துக்கொண்டா பார்த்தீர்கள்?

நான்: சிரித்தோம் சித்தி. மறைக்க ஒன்றுமில்லை. கன் சினிமா கற்றதே ட்ரோமா என்ற மலிவுப் பட கம்பெனியில். அங்கே ரத்தம் வாளிக்கணக்கில் ஊற்றுவார்கள், யாரும் அதை நிஜம் என்று நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார்கள். இதில் அதே விளையாட்டு, பணம் மட்டும் பெரிய ஸ்டூடியோவுடையது. ஆனால் ஒரு இடத்தில் அந்தச் சிரிப்பைப் படமே திருப்பி நம் முகத்தில் வீசும்.

கார்த்தி: முகாம் காட்சிதானே அண்ணா?

நான்: அதேதான். முதல் அணியில் பிழைத்த தங்கள் ஆள் ரிக் ஃப்ளாகைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, ராத்திரியில் ரெண்டாவது அணி ஒரு முகாமுக்குள் நுழையும். பிளட்ஸ்போர்ட் இட்ரிஸ் எல்பா, பீஸ்மேக்கர் ஜான் சீனா. யார் அழகாகக் கொல்கிறார்கள் என்று ரெண்டு பேருக்கும் போட்டி. ஒருத்தன் கத்தி வீசினால் அடுத்தவன் கோடரி. ஒருத்தன் பார்க்காமலே சுட்டால் மற்றவன் அதற்கு மேல். தூங்குகிறவன், சமைக்கிறவன் என்று ஒருத்தர் பாக்கி இல்லை. நாமும் மதிப்பெண் போட்டுக்கொண்டே பார்ப்போம். கடைசியில் கூடாரத் துணியை விலக்கினால், ஃப்ளாக் ஹாயாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

சித்தி: அப்படியானால் செத்தவர்கள்?

நான்: அவர் உயிரைக் காப்பாற்றிய புரட்சிப் படை. அந்த நாட்டு நல்லவர்கள்.

சித்தி: கடவுளே.

செல்வி அக்கா: இங்கேதான் எனக்கும் உனக்கும் ஒத்துவராது தம்பி. முகத்தில் வீசுகிறது என்கிறாய், அந்த வலி எவ்வளவு நேரம் நிற்கிறது? தலைவி சோல் சோரியா ஒரு நிமிஷம் முறைப்பாள், அப்புறம் இவர்களோடு கைகோர்த்துவிடுவாள். செத்த ஒருத்தனுக்கும் பெயர் கிடையாது. நம்மைக் குற்றவாளியாக்கவும் வேண்டும், அடுத்த நிமிஷமே சிரிக்க வைக்கவும் வேண்டும் என்றால் எப்படி?

நான்: அது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு அப்புறம் நான் பீஸ்மேக்கரைப் பார்த்து அதே மாதிரி சிரிக்கவில்லை. சமாதானத்துக்காக எத்தனை பேரை வேண்டுமானாலும் கொல்வேன் என்று முதலில் சொல்லும்போது அது ஜோக். முகாமுக்கு அப்புறம் அது அவனுடைய உண்மையான கொள்கை.

செல்வி அக்கா: கடைசிப் பாதிக்காக உனக்கு அரை மதிப்பெண். மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார், மிச்சத்தை நாளைக்குப் பேசுவோம்.

கார்த்தி: கால் மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. மாமா எங்கே?

முரளி மாமா: பேசாதே. சுறா புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிறது.

கார்த்தி: அதற்குக் குரல் கொடுத்தது சில்வெஸ்டர் ஸ்டாலோன் மாமா

முரளி மாமா: பேசாதே என்றேனே

ஞாயிறு, காலை 9:15

முரளி மாமா: பார்த்து முடித்தேன். ரெண்டேகால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

முரளி மாமா: ஒன்று கவனித்தீர்களா? படம் ஆரம்பிக்கும்போது அந்த நரைமுடிக்காரர், மைக்கேல் ரூக்கர், சிறையில் உட்கார்ந்து பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருப்பார். ஒரு சின்னப் பறவை வந்து உட்காரும். ஒரே அடி, பறவை செத்துவிடும். அப்புறம் கடற்கரையில் பயந்து ஓடுவார், வாலர் பொத்தானை அமுக்க, தலை வெடிக்கும். அதே மாதிரி ஒரு பறவை வந்து அவர் மண்டையைக் கொத்தித் தின்னும். ஒரு வசனம் கிடையாது!

நான்: மாமா, நான் ரெண்டாவது தடவை பார்த்தபோதுதான் அதை கவனித்தேன்.

முரளி மாமா: கணக்கு வைக்கிறான் இந்த டைரக்டர். செல்வி, நேற்று பெயர் இல்லாமல் சாகிறார்கள் என்றாயே, ஒரு பறவைக்குக்கூடக் கணக்குத் தீர்த்திருக்கிறான்.

செல்வி அக்கா: பறவைக்குத் தீர்த்தான் மாமா. முகாமில் செத்தவர்களுக்கு?

முரளி மாமா: அதுவும் இருக்கிறது. சிறையில் எல்பாவை முதலில் பார்க்கும்போது சீனா பெருமையடிப்பானே, உன்னைவிடச் சின்னத் தோட்டா என்னுடையது, நீ போட்ட ஓட்டைக்குள்ளேயே உரசாமல் போகும் என்று. கடைசியில் அவனும் எல்பாவும் நேருக்கு நேர் சுடும்போது, எல்பாவின் சின்னத் தோட்டா இவன் தோட்டாவைத் துளைத்துக்கொண்டு போய்க் கழுத்தில் இறங்குகிறது. முகாமில் அத்தனை பேரைக் கொன்றவனுக்கு அவன் அடித்த ஜோக்கே தண்டனை.

கார்த்தி: மாமாவை இத்தனை நாளும் சும்மா விட்டு வைத்திருக்கிறோம்

செல்வி அக்கா: சரி, அது நல்ல பாயிண்ட். ஆனாலும் அது சீனா கதாபாத்திரத்துக்குத்தான் தண்டனை, செத்தவர்களுக்கு நியாயம் இல்லை. தண்டனையும் முழுசாக இல்லை. ஆள் பிழைத்து, 2022இல் தனியாக ஒரு தொடரே வந்துவிட்டது.

நான்: ஃப்ளாக் சாவதைச் சொல்லுங்கள் அக்கா. மற்ற எல்லா சாவிலும் கும்மாளம், அதில் மட்டும் கிடையாது. அவரும் பீஸ்மேக்கரும் கட்டிப்புரண்டு, உடைந்த ஓட்டுத் துண்டு நெஞ்சில் இறங்கி, கேமரா உள்ளே போய் இதயம் துடித்து நிற்பதைக் காட்டும். அவர் கேட்டது என்ன? இந்த ஆராய்ச்சிக்குப் பின்னால் இருந்தது அமெரிக்க அரசாங்கம், அதை உலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான். அதற்குத்தான் கொலை.

செல்வி அக்கா: அதை ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் படத்தில் உண்மையிலேயே பயமாக இருந்தது சுறாவைப் பார்த்தோ அந்த ராட்சச நட்சத்திரமீனைப் பார்த்தோ இல்லை. வாலரைப் பார்த்துத்தான். பிளட்ஸ்போர்ட் வர மாட்டேன் என்றதும், திருடி மாட்டிக்கொண்ட உன் மகளையும் இதே சிறையில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்பாள். பொண்ணுக்கு 16 வயசு. குரலைக்கூட உயர்த்த மாட்டாள். வயோலா டேவிஸ் முகத்தில் ஒரு தசை அசையாது.

சித்தி: நட்சத்திரமீனா? அது எங்கிருந்து வந்தது?

கார்த்தி: ஸ்டாரோ அம்மா. ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர்ஹீரோ கூட்டணி 1960இல் முதல் முதலாக வந்த கதையில் அவர்கள் சண்டை போட்டதே இதோடுதான். கட்டடம் உயரத்துக்கு ஒரே கண்ணோடு நிற்கும். அதன் குட்டிகள் மனிதர் முகத்தில் ஒட்டிக்கொண்டால் ஆள் அதற்கு அடிமை. இவ்வளவு கிறுக்கான ஒன்றை யாரும் படமாக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

நான்: அதையும் பாவப்பட்ட ஜீவனாக்கிவிட்டார் கன். விண்வெளியில் தன்பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்ததைப் பிடித்து வந்து 30 வருஷம் அடைத்து வைத்திருப்பார்கள்.

முரளி மாமா: புள்ளிக்காரன்தான் எனக்கு ஹீரோ. போல்கா டாட் மேன். உடம்பிலிருந்து வண்ணப் புள்ளிகள் கிளம்பி எதிரியைக் கரைக்கும். அவன் அம்மா பிள்ளைகளைச் சூப்பர்ஹீரோ ஆக்குகிறேன் என்று சோதனை செய்து நாசமாக்கியவள். அதனால் யாரைக் கொல்ல வேண்டுமோ அவர்களை அம்மாவாக நினைத்துக்கொள்வான். தெரு நீளத்துக்கு நட்சத்திரமீன் இடத்தில் அவன் அம்மா தாம்தூம் என்று நடந்து வருகிறாளே, சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் நானும் ஒரு சூப்பர்ஹீரோ என்று கத்துகிறான், அப்படியே மிதித்து நசுக்கிவிடுகிறது. சிரித்த வாயை மூடக்கூட நேரம் தரவில்லை.

கார்த்தி: அவன் காமிக்ஸில் 1962இல் வந்த ஆள் மாமா. எல்லோரும் கிண்டல் செய்த வில்லன். டேவிட் டஸ்ட்மால்சியன் நடித்த பிறகு யாரும் கிண்டல் செய்வதில்லை.

முரளி மாமா: இவ்வளவு நல்ல படம் ஓடியிருக்க வேண்டுமே?

நான்: ஓடவில்லை. செலவு 185 மில்லியன் டாலர் அளவில், உலகம் முழுக்க வசூல் 168 பக்கம். கொரோனா காலம். அமெரிக்காவில் தியேட்டரில் வந்த அன்றே எச்பிஓ மேக்ஸ் ஓடிடியிலும் போட்டுவிட்டார்கள். ஆனாலும் 2022இல், இந்தக் கதாபாத்திரங்களை வைத்துப் படமெடுக்கும் டிசி ஸ்டூடியோஸ் பொறுப்பையே கன்னிடமும் பீட்டர் சாஃப்ரனிடமும் கொடுத்தார்கள்.

செல்வி அக்கா: 2018இல் பழைய ட்வீட்டுகளுக்காக டிஸ்னி வெளியே அனுப்பிய ஆள். அந்த இடைவெளியில்தான் வார்னர் ஸ்டூடியோ கூப்பிட்டு இந்தப் படத்தைக் கொடுத்தது. வேண்டாம் என்று ஒதுக்கியவர்களை வைத்துப் படம் எடுக்க அவருக்குச் சொல்லியா தர வேண்டும்.

சித்தி: எல்லாரும் பேசி முடித்தீர்களா? முடிவு: சின்னவனுக்குக் கிடையாது. கார்த்தி, உன் லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டை மாற்று.

கார்த்தி: சரி அம்மா. ஆனால் ஒன்று

கார்த்தி: போன மாசம் அவனையும் இந்தக் குழுவில் சேர்த்தது நீங்கள்தான்

சித்தி: ???

சின்னவன்: நேற்றிலிருந்து எல்லாம் படித்துவிட்டேன். நட்சத்திரமீனை எப்படிக் கொல்கிறார்கள் என்று மட்டும் யாருமே சொல்லவில்லை.

செல்வி அக்கா: யாரும் வாயைத் திறக்காதீர்கள்.

முரளி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சின்னவன்: எலியா மாமா? எப்படி?

சித்தி: அண்ணா!