சங்கத்தின் புதிய தலைவர்: உறுப்பினர் இலக்கை எப்படி வைப்பது?

ஜூலை 1 முதல் எங்கள் ரோட்டரி சங்கத்துக்கு நான் தலைவர். ஈரோடு பக்கம் சிறிய ஊர். 32 உறுப்பினர்கள், கூட்டத்துக்கு வருவது பாதிப் பேர். ஆண்டுக்கு 6 பேர் சேர்ந்தால் 5 பேர் விலகுகிறார்கள். பெரும்பாலும் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவர்கள், அதுவும் சந்தா கட்டவேண்டிய ஜூலை, ஜனவரியில்.

வாரக் கூட்டத்தை மாதம் இரண்டாக்கினோம் (2016 முதல் விதி இதற்கு இடம் தருகிறது). சந்தாவைத் தவணையாக்கினோம். புதியவருக்கு ஒரு மூத்தவரை வழிகாட்டியாகப் போட்டோம். அது பெயரளவில் நிற்கிறது. ரத்ததான முகாமுக்கு ஆள் குறைவில்லை, கூட்டத்துக்குத்தான் இல்லை.

‘10 பேர் சேர்ப்போம்’ என்று எழுதச் சொல்கிறார் செயலாளர். காகிதத்தில் அழகாயிருக்கும், அவ்வளவே.

புதியவர்களைத் தக்கவைக்க உங்கள் சங்கத்தில் எதை அளந்து இலக்கு வைத்தீர்கள்?