ஜப்பானின் வெள்ளிச் சுரங்கக் கடற்கரை: பத்து நாளில் எப்படிப் போய் வருவது?

செவ்வாய்ப்பேட்டை பட்டறைக்காரர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். தாத்தா காலத்திலிருந்து இதுதான் தொழில். தீபாவளி ஆர்டர் எல்லாம் அனுப்பி முடித்ததும் பத்து நாள் பட்டறையைச் சாத்துவோம். இந்த முறை அந்தப் பத்து நாளில் நானும் வீட்டுக்காரியும் ஜப்பான் போகலாம் என்று இருக்கிறோம். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இதுவரை திருப்பதி தாண்டி இரண்டு பேரும் சேர்ந்து போனதில்லை.

டிராவல்ஸில் கேட்டால் டோக்கியோ, கியோத்தோ, ஒசாக்கா என்று ஒரே அட்டவணையைத்தான் நீட்டுகிறார்கள். எனக்குப் பார்க்க வேண்டியது வேறு. ஷிமானே மாவட்டத்தில் இவாமி கின்சான் என்று ஒரு பழைய வெள்ளிச் சுரங்கம் இருக்கிறதாம். சுரங்கம், அதைச் சுற்றியுள்ள ஊர், வெள்ளி ஏற்றிய கடற்கரைத் துறைமுகங்கள், எல்லாமே 2007இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே வெள்ளியைப் பிரித்த முறையைப் பற்றிப் படித்ததும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. சாம்பல் படுக்கை போட்டு, ஈயம் சேர்த்து, துருத்தி ஊதி எடுப்பது. என் தாத்தா பின்கட்டில் செய்ததும் அதேதான். நான் ஆறு வயசுப் பையனாகக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். ஈயம் எல்லாம் சாம்பலுக்குள் இறங்கினதும் நடுவில் வெள்ளி ஒரு சொட்டாகப் பளிச்சென்று முழிக்கும். இப்போது எல்லாம் ஆசிட்தான்.

கேள்விகள் மூன்று. இரண்டு பேரும் சுத்த சைவம், அங்கே சாப்பாட்டுக்கு என்ன வழி? வீட்டுக்காரிக்கு ஏற்காடு மலைப்பாதையில் மூன்றாவது வளைவிலேயே தலைசுற்றும், அங்கே ரயில், பஸ் எப்படி இருக்கும்? சுரங்கத்தோடு அந்தக் கடற்கரையையும் நிதானமாகப் பார்க்க எத்தனை நாள் ஒதுக்குவது? போய் வந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நாகலூர் டீச்சர் எழுதியது:

தம்பி, ஏற்காட்டு நாகலூரிலிருந்து எழுதுகிறேன். பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். மகள் ஒகயாமாவில் வேலை பார்க்கிறாள். 2024 நவம்பரில் அவளோடு போய் நீங்கள் சொல்லும் அதே கரையில் ஆறு நாள் இருந்தேன். நீங்கள் சொன்ன இடம் ஜப்பான்காரர்களே அதிகம் போகாத பக்கம். சான்-இன் என்று பெயர், மலைக்கு நிழல் பக்கம் என்று பொருள். டோக்கியோவைத் தொடாமல் நேரே அங்கே போங்கள் என்றுதான் சொல்வேன். பத்து நாளில் இரண்டையும் சேர்த்தால் பாதி நாள் ஸ்டேஷனிலேயே போகும்.

விமானம் ஒசாக்காவுக்குப் போடுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது பாங்காக் வழியாகப் போகலாம். ஷின்-ஒசாக்கா ஸ்டேஷனிலிருந்து ஒகயாமாவுக்குப் புல்லட் ரயிலில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து யாகுமோ என்ற விரைவு ரயில் மலையைக் கடந்து இசுமோவுக்கு மூன்று மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். தலைசுற்றல் பற்றிக் கேட்டீர்களே, இந்த ரயிலில்தான் கவனம் வேண்டும். பாதை முழுக்க ஆற்றோரமாக வளைந்து வளைந்து போகும். முன்பு ஓடிய பழைய பெட்டிகளில் பலருக்கும் குமட்டுமாம். 2024 ஏப்ரலில் புதுப் பெட்டி விட்டிருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நம் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவோடு ஒப்பிட்டால் இது தாலாட்டு மாதிரி. இருந்தாலும் வீட்டம்மாவை ஜன்னலோரம், ரயில் போகும் திசையைப் பார்த்த மாதிரி உட்கார வையுங்கள்.

இசுமோவில் இரண்டு இரவு தங்குங்கள். பெரிய கோயில் இருக்கிறது, இசுமோ தாய்ஷா. இப்போது நிற்கும் மூலக்கட்டடம் 1744இல் கட்டியது, 24 மீட்டர் உயரம். பழங்காலத்தில் இதைப்போல் இரண்டு மடங்கு உயரம் இருந்தது என்று கதை வழங்கி வந்தது, யாரும் பெரிதாக நம்பவில்லை. 2000ஆம் ஆண்டு தோண்டியபோது மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டிய பிரம்மாண்டமான தூண்களின் அடி கிடைத்தது. பக்கத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், திறந்திருந்தால் அவசியம் பாருங்கள். மற்றக் கோயில்களில் கும்பிடும்போது இரண்டு முறை கைதட்டுவார்கள், இங்கே நான்கு முறை. அவர்களுடைய பழைய சந்திரக் கணக்கில் பத்தாம் மாதம் நாட்டிலுள்ள தெய்வங்கள் எல்லாம் இங்கே கூடுவதாக நம்பிக்கை. அது பெரும்பாலும் நவம்பரில்தான் வரும். கோயிலுக்கு மேற்கே இனாசா கடற்கரையில் இருட்டில் தீ மூட்டித் தெய்வங்களை அழைக்கிறார்கள். குலதெய்வத்தைப் பெட்டியோடு அழைத்து வரும் ஊரில் வளர்ந்தவளுக்கு அதைக் கேட்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த வாரம் போகிறீர்கள் என்றால் அறை கிடைப்பது கஷ்டம், இப்போதே போட்டு வையுங்கள்.

சரி, உங்கள் சுரங்கத்துக்கு வருகிறேன். இசுமோவிலிருந்து மேற்கே ஓதா-ஷி ஸ்டேஷன், அங்கிருந்து அரைமணி பஸ், ஓமோரி என்ற ஊர். ஒரே நீளத் தெரு, இரண்டு பக்கமும் மர வீடுகள், மேலே செம்பழுப்பு நிறத்தில் மினுங்கும் ஓடு. வரி வசூலும் வெள்ளி நிறுப்பதும் பார்த்த குமகாய் என்ற வியாபாரக் குடும்பத்தின் வீடு திறந்திருக்கிறது, 1800இல் ஊர் எரிந்த பிறகு 1801இல் கட்டியது. தராசு பிடித்த கைக்குச் சொந்தக்காரர் நீங்கள், அங்கே ஒரு மணி நேரமாவது இருப்பீர்கள்.

சுரங்க வாய்க்கு ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கார் விடமாட்டார்கள், ஓடையோரமாக நடக்க வேண்டும், இல்லையென்றால் சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். ரியூகென்ஜி என்ற சுரங்கம் 1715இல் தோண்டியது, முன்பகுதியில் 157 மீட்டர் உள்ளே விடுகிறார்கள். நான் கையை நீட்டிச் சுவரைத் தடவிப் பார்த்தேன். உளி விழுந்த தடம் ஒவ்வொன்றும் அரை விரல் அகலத்தில், சரிவாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அப்படியே இருக்கிறது. தண்ணீர் சொட்டுகிறது. இரண்டு பக்கமும் ஒரு ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குச் சின்னச் சின்னப் பொந்துகள், வெள்ளி நரம்பைத் துரத்திக்கொண்டு போனவை. புகையும் கல்தூசியும் தின்று இளம் வயசிலேயே செத்துப் போவார்களாம். முப்பது வயசைத் தொட்டுவிட்டால் வீட்டில் விருந்து வைப்பார்கள் என்று அங்கே சொன்னார்கள். செத்துப்போனவர்களுக்காக ஊருக்குள் பாறையைக் குடைந்து புத்தரின் அடியார்களுக்கு ஐந்நூறு கல் சிலைகள் வைத்திருக்கிறார்கள், 1766இல் முடிந்த வேலை. ஒவ்வொன்றும் ஒரு முகம். இழந்தவர் முகம் ஒன்றாவது அதில் தெரியும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. நான் என் அப்பா முகத்தைத் தேடினேன். இரண்டாவது குகையில் தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல் ஒருவர் இருந்தார். அவர் எதிரில் நெடுநேரம் நின்றேன்.

நீங்கள் சொன்ன சாம்பல் முறைக்கு அவர்கள் பெயர் ஹைஃபுகி. கொரியாவிலிருந்து வந்த நுட்பம், 1533இல் ஆரம்பித்தார்கள். கல்லை வெளியே அனுப்பாமல் அங்கேயே வெள்ளி பிரிக்க முடிந்ததால்தான் அந்த மலை திடீரென்று உலகுக்குத் தெரிந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக வெள்ளியில் மூன்றில் ஒரு பங்கு ஜப்பானிலிருந்து போனதாகக் கணக்குச் சொல்கிறார்கள், அதில் பெரும்பங்கு இந்த மலை கொடுத்தது. ஈயம் உருக்க அவ்வளவு கரி வேண்டும், ஆனாலும் காட்டை மொட்டையடிக்காமல் மரம் நட்டு வைத்து வெட்டியிருக்கிறார்கள். சுரங்கம் மூடி நூறு வருஷம் ஆகிறது, மலை முழுக்க மூங்கிலும் தேவதாருவும். சேர்வராயன் மலையில் பாக்ஸைட் தோண்டிய இடங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான், அந்தக் காட்டுக்குள் நடக்கும்போது அதுவேதான் மனசில் ஓடியது.

பிறகு இரண்டு இரவு யுனோட்சு. வெள்ளி ஏற்றிய துறைமுகம், இப்போது ஒரு சின்ன வெந்நீர் ஊற்று ஊர். பொதுக் குளியலறையில் ஆண் பெண் தனித்தனி, துணி உடுத்தாமல்தான் இறங்க வேண்டும். வீட்டம்மா கூச்சப்பட்டால் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு மணி நேரம் தரும் தொட்டி சில விடுதிகளில் உண்டு, அறை போடும்போதே கேளுங்கள். சனிக்கிழமை இரவு அங்கே தங்குகிற மாதிரி நாளை வையுங்கள். ஊர்க் கோயிலில் இவாமி ககுரா என்ற கூத்து நடக்கும். எட்டுத் தலைப் பாம்புக்குச் சாராயம் ஊற்றி மயக்கிக் கொல்லும் கதை. மூங்கிலிலும் காகிதத்திலும் செய்த பாம்புகள் சுருண்டு சுருண்டு மேடையெல்லாம் நிறைந்துவிடும். நம் தெருக்கூத்தில் இரணியன் தூணைப் பிளக்கும்போது வரும் அதே மேளச் சூடு.

சாப்பாடு. இதில்தான் நான் பட்டேன். ஒரு விடுதியில் சைவம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தும் இரவு தட்டு நிறைய நண்டு வந்தது. நவம்பர் அங்கே நண்டுப் பருவம். அதை எடுத்துவிட்டு வெறும் காய் கொடுத்தார்கள், ஆனால் காய் வெந்ததே மீன் சாறில். தாஷி என்பார்கள், காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். சூப்பு, நூடுல்ஸ், கத்தரிக்காய்க் கூட்டு என்று எதைத் தொட்டாலும் அதுதான். அன்றிலிருந்து சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் போட்டோம். மகள் வைத்திருந்த சின்ன ரைஸ் குக்கர், நான் கொண்டு போன பருப்புப் பொடி, நல்லெண்ணெய், புளிக்காய்ச்சல். கடைகளில் தயிர், வாழைப்பழம், பால், உமேபோஷி என்ற புளிப்புக்காய் வைத்த சோற்று உருண்டை கிடைக்கும். பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதுவும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

அம்மாப்பேட்டைப் பையன் எழுதியது:

அண்ணா, நான் ஹிரோஷிமாவில் நான்கு வருஷமாக இருக்கிறேன். டீச்சர் சொன்னதோடு ரயில் விஷயம் கொஞ்சம் சேர்க்கிறேன்.

இசுமோவுக்கு மேற்கே ஒற்றைத் தண்டவாளம், டீசல் வண்டி. ஒரு பெட்டி, மிஞ்சினால் இரண்டு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் கூட ஆகலாம். அதனால் காலையில் எழுந்ததும் திரும்பும் வண்டி நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம்தான் போகும் வண்டி. பின் கதவில் ஏறும்போது நம்பர் போட்ட சின்னச் சீட்டு ஒன்றை எடுக்க வேண்டும், இறங்கும்போது முன்னால் டிரைவர் பக்கத்திலுள்ள பெட்டியில் சீட்டோடு காசு போட வேண்டும். ரயில் கார்டு எல்லா ஸ்டேஷனிலும் செல்லாது, ஆயிரம் யென் நோட்டும் சில்லறையும் கையில் இருக்கட்டும்.

நாடு முழுக்கச் செல்லும் ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென் ஆகிவிட்டது. உங்களுக்கு அது வேண்டாம். ஜேஆர் வெஸ்ட் என்ற ரயில் கம்பெனி தரும் சான்யோ-சான்-இன் பாஸ் பாருங்கள், ஒசாக்கா புல்லட் ரயிலும் யாகுமோவும் இரண்டும் அதில் அடங்கும், விலையும் குறைவு.

பெரிய சூட்கேஸை இழுத்துக்கொண்டு அந்தச் சின்ன வண்டியில் ஏறாதீர்கள். ஒசாக்கா ஓட்டலிலேயே கொடுத்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உங்கள் அடுத்த விடுதிக்குப் போய்ச் சேரும். கறுப்புப் பூனை படம் போட்ட பார்சல் கம்பெனி, நம்பிக் கொடுக்கலாம்.

கார் ஓட்டுவீர்கள் என்றால் சேலம் ஆர்டிஓவில் சர்வதேச லைசென்ஸ் வாங்கி வாருங்கள். நம்மைப்போலவே இடப்பக்கம்தான். இந்தக் கரைக்குக் கார் இருந்தால் ஹினோமிசாகி கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிடலாம். 1903இல் கல்லால் கட்டியது, உள்ளே படியேறி உச்சிக்குப் போகலாம். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், மத்தியானமே கிளம்புங்கள். குடை எப்போதும் கையில் இருக்க வேண்டும். சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே என்று அந்தப் பக்கத்தில் பழமொழியே உண்டு.

செவ்வாய்ப்பேட்டை பட்டறைக்காரர் எழுதியது:

டீச்சருக்கும் தம்பிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று இரவு இரண்டு பதிலையும் வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். நண்டுக் கதையைக் கேட்டதும் எழுந்து போய்ப் பொடி டப்பாக்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

இப்படி முடிவு செய்திருக்கிறோம். ஒசாக்காவில் இறங்கி ஒரு இரவு, இசுமோ இரண்டு, ஓதா பக்கம் இரண்டு, யுனோட்சுவில் சனி, ஞாயிறு, திரும்பி ஒசாக்கா ஒன்று. டோக்கியோ இல்லை. விசாவுக்குச் சென்னை மையத்தில் கேட்ட நாள்வாரித் திட்டத்திலும் இதையே எழுதிக் கொடுக்கப் போகிறேன். சுரங்கத்துக்கு ஒரு நாள் போதாது, இரண்டு நாள் வேண்டும். தாத்தா வெள்ளி உருக்கிய மூசைச் சட்டி ஒன்று பரணில் இருக்கிறது, அடியில் ஈயக்கறை இன்னும் போகவில்லை. அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறேன், சுரங்கத்து அருங்காட்சியகத்தில் இருப்பவர்களிடம் காட்டி, அவர்கள் சாம்பலை எதிலிருந்து எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். தாத்தா எலும்புச் சாம்பலைக் கலப்பார்.

ஒன்றே ஒன்று. அந்தப் பக்கத்தில் நடந்தால் சத்தம் போடும் மணல் இருக்கிறதாமே, அது வழியில் வருமா?

நாகலூர் டீச்சர் எழுதியது:

வரும் தம்பி. கொதோகஹாமா கடற்கரை, மாஜி என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும், யுனோட்சுவுக்கு முன்னாலேயே வந்துவிடும். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், ஈர மணல் பேசாது. இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு தண்ணீருக்குச் சற்று மேலே, காய்ந்த மணலில், குதிகாலை அழுத்தி இழுத்து நடங்கள். கீச், கீச் என்று வரும். வீட்டம்மாவைக் கொலுசோடு நடக்கச் சொல்லுங்கள்.