தனி ஆளாக டிரெய்லர் மாட்டுபவர்கள் கை வின்ச் பயன்படுத்துகிறீர்களா?

ஒற்றையாள்:
என்னிடம் இருப்பது இரட்டை அச்சு டிரெய்லர், காலியாக 700 கிலோ. டிரக்கை ரிவர்ஸ் எடுத்து அதில் மாட்டும்போது பின்னால் நின்று "இன்னும் வா, போதும்" என்று சொல்ல ஆள் கிடையாது. இறங்கிப் பார்ப்பேன், நாலு விரல் இடைவெளி இருக்கும். ஏறி லேசாகப் பின்னால் எடுத்தால் இரண்டு விரல் தாண்டியிருக்கும். போன வாரம் 11 தடவை ஏறி இறங்கினேன். கடைசியில் பொறுமை போய், டிரெய்லரின் மூக்கை, அதாவது டிரக்கில் மாட்டும் முன்முனையை, காலால் ஒரு உந்து உந்தினேன். மூக்கைத் தாங்கும் ஜாக்கி அடிப்பலகையிலிருந்து நழுவி, மூக்கு 'தொம்' என்று தரையில் விழுந்தது. என் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி.

ராட்செட் (பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் பல்சக்கரம்) வைத்த கை வின்ச் (கைப்பிடியால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) ஒன்று சும்மா கிடக்கிறது, 2 டன் என்று எழுதியிருக்கிறது. அந்தக் கடைசி நாலு விரலை அதை வைத்து இழுத்துக்கொள்ளலாமா? கொக்கியை எங்கே மாட்டுவது? தரை கெட்டியானது, லேசான சரிவு உண்டு.

பின்கண்ணாடி:
ரிவர்ஸ் கேமரா ஒன்று போட்டுவிடுங்கள், வின்ச்சே வேண்டாம்.

மூக்கணாங்கயிறு:
கேமரா நல்லதுதான், ஆனால் சேற்றில் ஒரு நாள் ஓட்டினால் அதற்கும் கண் தெரியாது. நான் பல வருடமாக வின்ச் போட்டுத்தான் மாட்டுகிறேன். பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி: சரிவு எந்தப் பக்கம்? டிரக் மேட்டில் நிற்கிறதா, டிரெய்லரா?

ஒற்றையாள்:
டிரெய்லர்தான் மேட்டில். அதனால் இழுப்பது சுலபம் என்று நினைத்தேன்.

மூக்கணாங்கயிறு:
அங்கேதான் வம்பு. கயிறு இழுக்கும், தள்ளாது. முட்டுக்கட்டையை எடுத்த நொடியில் டிரெய்லர் தானாக டிரக்கை நோக்கி உருளும். அப்போது முன்னால் கட்டிய வின்ச் தொய்ந்துபோய்க் கிடக்கும், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். ஒரு மீட்டருக்கு 5 செ.மீ. இறங்கும் சரிவு என்றால் உங்கள் 700 கிலோ வண்டி சுமார் 35 கிலோ விசையோடு உருளப் பார்க்கும். நிற்கும்போது கையால் பிடித்துவிடலாம் என்று தோன்றும். உருள ஆரம்பித்த பிறகு அது 35 கிலோ இல்லை, 700 கிலோ.

ஆகவே முடிந்தால் டிரெய்லரைச் சமதரையில் நிறுத்துங்கள், இல்லையென்றால் மூக்கு மேட்டைப் பார்த்தபடி. அப்புறம் டிரக் மேட்டில் நிற்கும், வின்ச் இழுக்கும்போது கயிறு எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். சக்கரம் முன்னேற முன்னேற, பின்பக்கம் கட்டையை நகர்த்தி ஒட்ட வையுங்கள்.

கொக்கி விஷயம். டிரக் பக்கம், டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் சட்டத்தில் பாதுகாப்புச் சங்கிலிக்காக இருக்கும் வளையம். பம்பரில் வேண்டாம். டிரெய்லர் பக்கம், மூக்கின் இரும்புச் சட்டத்தைச் சுற்றிக் கட்டிய பட்டை. ஜாக்கித் தண்டில் மட்டும் மாட்டிவிடாதீர்கள், வளைந்துவிடும் (என்னுடையது வளைந்தது, இன்றும் கோணலாகத்தான் சுற்றுகிறது). உங்கள் ஜாக்கிக்கு அடியில் சக்கரம் இல்லை, தட்டையான பாதம்தானே? அதை வைத்துக்கொண்டு இழுத்தால் போன வாரம் விழுந்த மாதிரியே மறுபடி விழும். முதலில் சக்கரம் வைத்த ஜாக்கி மாற்றுங்கள். வின்ச்சை விட அதுதான் அவசரம்.

டிரக்கில் எஞ்சின் அணைத்து ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும். கப்ளரை (மூக்கு நுனியில் இருக்கும் கிண்ணம், டிரக்கின் ஹிட்ச் பந்தைக் கவ்வுவது) பந்தின் உச்சியை விட மூன்று நாலு செ.மீ. உயர்த்திக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவில் நிற்காமல், ஓரமாக நின்று ஒவ்வொரு பல்லாக இழுங்கள். கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்கவே கூடாது. கயிற்றின் மேலே ஒரு கனத்த கம்பளியைப் போட்டுவிட்டால், அறுந்தாலும் சாட்டை மாதிரி வீசாது. கைப்பிடி திடீரென்று கனத்தால் நிறுத்திவிட்டுச் சுற்றிப் பாருங்கள், முன்பக்கம் ஏதோ கட்டை மாட்டியிருக்கும். கைப்பிடியில் குழாய் செருகி நீட்டிப் பலம் கொடுப்பதெல்லாம் வேண்டாம்.

பக்கவாட்டில் விலகியிருந்தால் வின்ச்சால் திருத்தப் பார்க்காதீர்கள். ஒற்றை அச்சு வண்டி திரும்பும். இரட்டை அச்சில் டயர் தரையோடு தேயும், கயிற்றுக்குத்தான் கேடு. இன்னொரு தடவை ரிவர்ஸ் எடுங்கள், 12 ஆவது தடவையாக இருந்தாலும் சரி.

அச்சாணி:
இரண்டு விஷயம் சேர்க்கிறேன். 2 டன் என்பது பல கருவிகளில் கப்பி போட்டு இரட்டையாக இழுக்கும் கணக்கு. ஒற்றைக் கயிற்றில் பாதிதான். உங்கள் வேலைக்கு அதுவும் தாராளம், ஆனால் வின்ச்சின் கம்பிக் கயிற்றில் பிசிர், முறுக்கு மடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.

இன்னொன்று, பந்தின் அளவு. பந்திலும் கப்ளரிலும் பொறித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். பெரிய கப்ளரில் சின்னப் பந்து உட்கார்ந்து, பூட்டியது போலவே காட்டும். முதல் குழியில் கழன்று போகும். கப்ளரைப் பூட்டி, பூட்டு ஊசியைச் செருகிய பிறகு ஜாக்கியால் மூக்கைத் திரும்ப உயர்த்துங்கள். டிரக்கின் பின்பக்கமும் கூடவே எழ வேண்டும். எழவில்லை என்றால் பூட்டவில்லை.

ஒற்றையாள்:
நன்றி. சக்கர ஜாக்கி மாற்றினேன், டிரெய்லரைத் திருப்பி மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினேன். இன்று இரண்டே தடவை ரிவர்ஸ், மிச்சத்தை வின்ச் இழுத்தது, 9 பல். ஜாக்கியைச் சுற்றினேன், டிரக்கின் பின்பக்கமும் எழுந்தது. சங்கிலியைக் குறுக்கே மாட்டி, வின்ச்சைக் கழற்றி உள்ளே வைத்தேன். ஆனால் கிளம்பும்போது வண்டி நகரவே இல்லை.

மூக்கணாங்கயிறு:
முட்டுக்கட்டை!

ஒற்றையாள்:
அதேதான். மாட்டி முடித்த பிறகு முன்பக்கமும் ஒன்று வைத்திருந்தேன்.