ராத்திரியில் 'டக்' என்று ஒரு சத்தம்: உங்கள் தொட்டியில் என்ன வந்தது?

கொளத்தூர்க்காரன்:
ரெண்டு வாரமாகக் கடல் மீன் தொட்டியிலிருந்து 'டக்… டக்'. பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்ப்) கண்ணாடியில் இடிக்கிறது என்று நினைத்துக் கழற்றி மாட்டினேன். அப்புறம் நத்தைகள் குறைய ஆரம்பித்தன, உடைந்த ஓடுதான் மிச்சம். நேற்று 2 மணிக்கு டார்ச்சில் சிவப்புத் தாள் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கல் இடுக்கில் காம்பு மேல் இரண்டு கண். ஒன்று என்னைப் பார்க்கிறது, இன்னொன்று அதே நேரத்தில் என் துறவி நண்டைப் பார்க்கிறது! ஓட்டை அடித்து உடைக்குமே, அந்த மான்டிஸ் இறால்தானே?

உப்புத்தண்ணி:
அதேதான். எனக்கு வந்தது புழு. மீன் தீனி பெல்லட் போட்டதும் கல்லிலிருந்து ஒரு விரல் நீளம் நீண்டது. தலையில் ஐந்து கொம்பு, உடம்பெல்லாம் மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தின மாதிரி மினுமினுப்பு. சாமணத்தில் பிடித்து இழுத்தேன், அறுந்துவிட்டது. கையில் வந்தது வால். பாபிட் புழு, நிச்சயம்.

ரீஃப் மாமா:
நிச்சயமெல்லாம் இல்லை தம்பி. பாபிட் சேர்ந்த யூனிசிட் புழுக் குடும்பத்தில் பலதுக்கும் ஐந்து கொம்பு உண்டு. பாபிட் மணலில் புதைந்து, தாடையை விரித்துக் காத்திருக்கும். என் தொட்டியில் முள்புழு வந்தது. கையுறை இல்லாமல் கல்லைத் தூக்கி, விரலெல்லாம் கண்ணாடிப் பஞ்சு குத்தின மாதிரி. செலோடேப் ஒட்டி ஒட்டி முள்ளை எடுத்தாள் வீட்டுக்காரி. மான்டிஸுக்கு வருவோம். கல்லை வெளியே எடுத்து வாளி மேல் பிடியுங்கள். பொந்துக்குள் வெறும் சோடாவை சிரிஞ்சில் அடியுங்கள், தானாக விழும். தொட்டிக்குள் அடித்துவிடாதீர்கள். விரலை நீட்டவே நீட்டாதீர்கள். ஆமாம், அந்தக் கல் எங்கே வாங்கியது? பவளக் கல்லா? கடின பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யார் விற்றாலும் வாங்கக் கூடாது.

கொளத்தூர்க்காரன்:
மாமா, அது சிமென்டில் வார்த்த கல். நண்பர் தொட்டியில் ஆறு மாதம் ஊறினது, அங்கிருந்து தொற்றியிருக்கும். சோடா வேலை செய்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை! இத்தனூண்டா என் நத்தைகளை உடைத்தது? இப்போது தனி டப்பாவில் இருக்கிறது. மகள் பேர்கூட வைத்துவிட்டாள்.

உப்புத்தண்ணி:
அதெல்லாம் சரி. என் கல்லில் தலை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வால் திரும்ப வளருமாமே? அதற்கும் சோடாதானா?